குடிநீர்க் கிணறு என்று எழுதுங்கள்

மண்ணெண்ணெய் வண்டி வரத் தாமதமானது. அன்னம்மாள் டின்னை வரிசையில் வைத்துவிட்டு, பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் புதிதாக ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தாள். எட்டாம் வகுப்பு வரை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள் அவள். எழுத்து கண்ணில் பட்டால் விடமாட்டாள். வெல்லம் சுற்றி வந்த காகிதத்தையும் பிரித்துப் படிப்பாள்.

காஞ்சிபுரத்திலிருந்து அரக்கோணம் போகும் சாலையில், தனக்குச் சொந்தமான நிலத்தில் பெட்ரோல் பங்க் வைக்கக் கண்ணாயிரம் என்பவர் அனுமதி கேட்டிருக்கிறார். தாசில்தார் வருகிற வியாழக்கிழமை இடத்தை நேரில் பார்த்து விசாரிப்பார். ஆட்சேபம் உள்ளவர்கள் அப்போது சொல்லலாம். அதற்குக் கீழே இன்னொரு வரி: மேற்படி இடத்தை ஒட்டிக் குடியிருப்போ குடிநீர் ஆதாரமோ இல்லை என்று மனுதாரர் தெரிவித்திருக்கிறார்.

அன்னம்மாள் அந்த வரியை மறுபடி படித்தாள். மேற்படி இடத்தை ஒட்டித்தான் அவள் வீடு இருந்தது. அவள் வீட்டோடு ஒரு காலனியே இருந்தது. காலனிக்கும் அந்த நிலத்துக்கும் நடுவில், புறம்போக்கில், சர்க்கார் வெட்டிக் கொடுத்த கிணறு இருந்தது. அதிலிருந்து இறைத்த தண்ணீரில் உலை வைத்துவிட்டுத்தான் அவள் மண்ணெண்ணெய்க்கு வந்திருந்தாள்.

அந்தக் கிணறு வருவதற்கு முன்னால் காலனிப் பெண்கள் ஊர்க்கிணற்றுக்கு எட்டத்தில் குடத்தை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். ஊர்ப் பெண்களில் மனசு வந்தவர்கள் ஊற்றுவார்கள். மனசு வராத நாளில் வெறுங்குடத்தோடு திரும்ப வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில் அன்னம்மாளும் அப்படி நின்றிருக்கிறாள். எத்தனையோ மனுக்கள் எழுதிப் போட்ட பிறகுதான் இந்தக் கிணறு கிடைத்தது. மனுக்களில் பாதி அவள் கையெழுத்து.

வரிசை நகர்ந்தது. அவள் டின்னை எடுக்கவில்லை. வீட்டைப் பார்த்து நடந்தாள்.

சாயங்காலம் கணவன் வீரபத்திரன் வந்தான். கண்ணாயிரத்தின் நிலத்தில் வேலை செய்கிறவன். அவனுடைய அப்பாவும் அங்கேதான் உழைத்தார். கண்ணாயிரம் இப்போது கட்சியில் பெரிய ஆள். திருப்பதி பஸ்களும், பட்டுச்சேலை வாங்க வரும் வெளியூர்க் கார்களும் அந்தச் சாலையில் பெருகிவிட்டன. அதைப் பார்த்துத்தான் அவருக்குப் பங்க் யோசனை வந்தது.

"ஆண்டை பங்க் வெக்கிறாரு. உனக்கு இன்னா வந்துச்சு?" என்றான் வீரபத்திரன்.

"எங்க வெக்கிறாருன்னு கேட்டியா? கெணத்துக்கு அந்தண்டை, ஒட்டினாப்பல. பெட்ரோல் தொட்டிக்கு அங்கதான் பள்ளம் எடுக்கப் போறாங்க."

"தொட்டி இரும்புமே. ஒழுவாது."

"ஒழுவறது அப்புறம் இருக்கட்டும்யா. இங்க கெணறே இல்லன்னு எழுதிக் கொடுத்துக்கிறாரு. வூடும் இல்லியாம். நீயும் நானும் இல்லியாம்."

வீரபத்திரன் கை கழுவிவிட்டுச் சோற்றுக்கு உட்கார்ந்தான். அவனுக்குக் கோபம் வராமலில்லை. ஆனால் அந்தக் கோபத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று அவன் யாரிடமும் கற்றதில்லை.

மறுநாள் அன்னம்மாள் கிணற்றடியில் எல்லோரிடமும் சொன்னாள். லாரி ஓட்டும் பூவராகவன் பல் துலக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். "நான் போற ரூட்ல ஒரு ஊரு இருக்குதுக்கா. அங்க பங்க் தொட்டி கசிஞ்சு பக்கத்துக் கெணத்துல எண்ணெ மெதக்குது. மாடுகூட வாய் வெக்காது" என்றான். அதைக் கேட்டுச் சிலர் பயந்தார்கள்.

அன்றைக்கே கண்ணாயிரத்தின் ஆள் பழனி கிணற்றடிக்கு வந்தான். வரப்பு முதல் களம்வரை மேற்பார்வை பார்க்கிறவன் அவன். செருப்பைக் கழற்றாமல் நின்று, "டவுன்ல இருந்து காலனிக்கு முனிசிபாலிட்டி குழாய் இழுத்து வாங்கித் தரேன்னு ஐயா சொல்லிட்டாரு. பைப்புத் தண்ணி. நீங்க வியாழக்கிழமை கம்முனு இருந்தாப் போதும்" என்றான்.

இறைத்துக்கொண்டிருந்த பெண் கயிற்றைப் பிடித்தபடி திரும்பினாள். கயிறு இழுத்து இழுத்து உள்ளங்கை காய்ந்துபோன பெண்களுக்குக் குழாய் என்ற சொல் சாதாரணமானதல்ல.

"கொழாய் வந்தா நல்லதுதான அன்னம்?" என்றாள் வடிவு. அன்னம்மாளின் பக்கத்து வீட்டுக்காரி, மூட்டுவலிக்காரி. "நான் எத்தினி காலத்துக்குத்தான் இறைக்கிறது?"

"வரட்டும்க்கா. யாரு வேணாம்னது? கொழாய் முதல்ல வரட்டும். அப்புறம் பேசலாம்."

பழனி சிரித்தான். "பங்க் வந்தாதாம்மா கொழாய்."

"அப்ப அது கொழாய் இல்ல, விலை" என்றாள் அன்னம்மாள். "கெணறு எங்களுது. சர்க்காரு கொடுத்தது. கொழாயை அவுரு தொறந்தா வரும், மூடுனா நிக்கும். மறுபடியும் ஒருத்தர் ஊத்தறதுக்காகக் காத்துக்கினு நிக்க என்னால ஆவாது."

வடிவு தன் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.  யார் எந்தப் பக்கம் என்று தெரியாமலே பழனி திரும்பிப் போனான்.

புதன்கிழமை வீரபத்திரனைக் கருவேல முள் வெட்டச் சொன்னார்கள். வேலிக்கு என்று நினைத்து அவன் வெட்டிக் குவித்தான். நாள் முழுக்க வேலை. கைகளில் கீறல்களோடு வந்து படுத்தான்.

வியாழக்கிழமை விடிந்ததும் தண்ணீருக்குப் போன வடிவு போட்ட கூச்சலில் காலனி எழுந்தது. கிணற்றின் மேல் முள் மலைபோல் கிடந்தது. ராட்டினத்தைக் காணோம். அது தொங்கிய இரும்புக் கம்பியும் இல்லை. கைப்பிடிச் சுவரில் மண்ணை வாரி இறைத்திருந்தார்கள். பல வருஷம் யாரும் தொடாத பாழுங்கிணறு மாதிரி இருந்தது.

வீரபத்திரன் முள்ளைப் பார்த்தான். வெட்டுவாய் பார்த்தே தெரிந்துகொண்டான். அவனுடைய கத்தி. அவன் வெட்டிய முள்.

அன்னம்மாள் அவனை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனுக்கு இலேசாக இருந்திருக்கும். அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கவைக்கம்புகூட இல்லாமல், வெறுங்கையால் முள்ளை இழுத்துப் போட ஆரம்பித்தான். பூவராகவன் ஓடி வந்து கூட நின்றான். பிறகு எல்லோருமே வந்தார்கள். மூட்டுவலிக்கார வடிவு துடைப்பத்தால் மண்ணைக் கூட்டினாள். "நேத்து வரைக்கும் எனக்குக் கொழாய் மேல ஆசை இருந்துச்சு. குடிக்கிற தண்ணியில முள்ளப் போட்டவன் கையால எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிக்கொண்டே கூட்டினாள்.

"முள்ள ரோட்டோரமா போடுங்க. எரிக்காதீங்க. வர்றவங்க பாக்கட்டும்" என்றாள் அன்னம்மாள்.

பத்து மணி வெயிலில் ஜீப் வந்தது. தாசில்தார் இறங்கினார். கூடவே ஒரு குமாஸ்தா. கண்ணாயிரம் வெள்ளை வேட்டி, தோளில் கட்சித் துண்டோடு முன்னாலேயே வந்து நாற்காலிகள் போட்டு வைத்திருந்தார். இளநீரும் தயாராக இருந்தது.

கிணற்றைச் சுற்றிப் பெண்கள் குடங்களோடு வரிசையாக நின்றிருந்தார்கள். ராட்டினம் இல்லாததால் கயிற்றைக் கைப்பிடிச் சுவரில் தேய விட்டு இறைத்தார்கள். ஒருத்தி இறைக்க, அடுத்தவள் வாங்கினாள். யாரும் கோஷம் போடவில்லை. பக்கத்திலேயே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி உலையும் ஏற்றியிருந்தார்கள்.

"இது இன்னா கூட்டம்?" என்றார் தாசில்தார்.

"எல்லாம் இன்னிக்குக் கூட்டினது சார்" என்றார் கண்ணாயிரம். "பழைய ஏத்தக் கெணறு. உப்புத் தண்ணி. யாரும் குடிக்கிறதில்ல. என் ஆளு ஒருத்தன் இங்கதான் இருக்கான், அவனையே கேளுங்க. டேய் வீரபத்திரா, வா இப்படி. ஐயாகிட்ட சொல்லு."

வீரபத்திரன் முன்னால் வந்தான். கைகள் இரண்டும் முள் கிழித்து இரத்தம் காய்ந்திருந்தன. தோளில் இருந்த துண்டை இடுப்புக்கு இறக்க அவன் கை பாதி போனது. அன்னம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. துண்டு தோளிலேயே இருந்தது.

"சொல்லுபா. இந்தத் தண்ணிய குடிக்கிறீங்களா?" என்று கேட்டார் தாசில்தார்.

"குடிக்கிறோங்க. எம் பொண்ணு பொறந்தப்ப வாயில வெச்சது இந்தத் தண்ணிதான்." அவன் கீறல் விழுந்த கைகளை நீட்டிக் காட்டினான். "நேத்து வேலிக்குன்னு என்னை முள்ளு வெட்டச் சொன்னாங்க. வெட்டினேன். காலையில பாத்தா கெணத்து மேல கிடக்குது. தோ, ரோட்டோரம் கிடக்குது பாருங்க. அது நான் வெட்டின முள்ளுங்க. போட்டது நான் இல்ல."

"டேய்" என்றார் கண்ணாயிரம்.

"கேட்டாரு, சொன்னேன்" என்றான் வீரபத்திரன். ஆண்டை என்ற சொல் வழக்கமாக வந்து விழும் இடத்தில் அன்றைக்கு எதுவும் விழவில்லை. அவனே அதைப் பிறகுதான் கவனித்தான்.

தாசில்தார் முள்ளைப் பார்த்தார். கைப்பிடிச் சுவரில் ராட்டினக் கம்பி பிடுங்கிய புதுக் குழியைப் பார்த்தார். குமாஸ்தாவிடம் மெல்ல ஏதோ சொன்னார். குமாஸ்தா எழுத ஆரம்பித்தார்.

அன்னம்மாள் ஒரு பித்தளை டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்து நீட்டினாள். "உப்பான்னு பாருங்க ஐயா."

டம்ளர் நடுவில் நின்றது. தாசில்தார் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கண்ணாயிரம் இளநீர் பக்கம் கை காட்டினார். ஜீப் டிரைவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். டம்ளரின் வெளிப்புறத்தில் தண்ணீர் வழிந்து அவள் முழங்கைக்கு இறங்கியது.

"எனக்கு இப்ப தாகம் இல்லம்மா" என்றார் தாசில்தார்.

"பரவால்லீங்க. நீங்க குடிக்க வேணாம்" என்றாள் அன்னம்மாள். டம்ளர் தண்ணீரைத் தானே குடித்து முடித்தாள். "நாங்க குடிக்கிறோம்னு எழுதுங்க. அது போதும். எழுதினத்த இங்கியே படிச்சுக் காட்டுங்க."

தாசில்தாரின் முகம் சிவந்தது. "அதெல்லாம் ஆபீஸ்ல" என்று ஆரம்பித்தார்.

"ஆபீஸ்ல எழுதினதுலதான் ஐயா நாங்க இல்லாம போயிட்டோம். விசாரணை இங்க வெச்சீங்க. இங்கியே படிங்க."

பெண்கள் இறைப்பதை நிறுத்தியிருந்தார்கள். ஆண்களும் நெருங்கி வந்திருந்தார்கள். யாரும் வழி மறிக்கவில்லை. ஆனால் ஜீப்புக்குப் போகும் வழியும் திறந்திருக்கவில்லை. குமாஸ்தா தாசில்தாரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார்.

"உத்தேச இடத்தை ஒட்டி, உபயோகத்தில் உள்ள ஒரு கிணறு காணப்படுகிறது" என்று குமாஸ்தா படித்தார்.

"இன்னா உபயோகம்? மாடு குளுப்பாட்டவா?" என்றாள் வடிவு.

"குடிநீர்க் கிணறுன்னு எழுதுங்க" என்றாள் அன்னம்மாள். "பக்கத்துல காலனி இருக்குது, ஜனங்க குடியிருக்காங்கன்னு எழுதுங்க. தொட்டி வேணாம்னு நாங்க அத்தினி பேரும் சொன்னோம்னு எழுதுங்க."

குமாஸ்தா எழுதினார். படித்துக் காட்டினார். அன்னம்மாள் கையெழுத்துப் போட்டாள். அடுத்து வீரபத்திரன் கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தினான். கீறல் விழுந்த விரல். ரேகையோடு கீறலும் சேர்ந்து பதிந்தது. அதற்குப் பிறகு காலனி வரிசையில் நின்றது.

கார்த்திகையில் உத்தரவு வந்தது. அந்த இடத்தில் பங்க் வைக்க அனுமதி இல்லை. கண்ணாயிரம் சும்மா இருக்கவில்லை. சாலையில் வெகுதூரம் தள்ளி, அரிசி மில்லுக்கு அப்பால் வேறு இடம் பார்த்து மறுபடி மனுப் போட்டார். அங்கே கிடைத்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். முனிசிபாலிட்டி குழாய் வரவில்லை. காலனிக்காரர்கள் பணம் போட்டு வேறு ராட்டினம் வாங்கி மாட்டினார்கள். அது கிறீச்சிட்டது, ஆனால் ஓடியது.

விசாரணைக்கு மறுநாளே வீரபத்திரனுக்கு வேலை இல்லை என்று பழனி சொல்லிவிட்டான். அடுத்த வாரம் காலனியில் யாருக்குமே வேலை இல்லை என்றான். அந்த மழைக்காலம் கஷ்டமாகத்தான் போனது. பூவராகவன் லாரியில் இரண்டு பேரைச் சுமைக்கு ஏற்றிவிட்டான். அன்னம்மாள் டவுனில் ஒரு வீட்டில் பட்டு நூல் இழைக்கப் போனாள். சில ராத்திரி வீரபத்திரன் கூழைக் குடித்துவிட்டு வெறுஞ்சட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒரு தடவை அவள் கேட்டாள்: "சொல்லாம இருந்திருக்கலாம்னு தோணுதாயா?"

"கூழு தண்ணியா இருக்குதேன்னு நெனச்சேன். வேற ஒண்ணும் இல்ல" என்றான்.

தை பிறந்தது. கண்ணாயிரத்தின் சம்பா முற்றிச் சாய்ந்து கிடந்தது. வெளியூரிலிருந்து அழைத்து வந்த அறுப்பாட்கள் பாதியில் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். ஒரு காலையில் பழனி காலனிக்கு வந்தான். இந்தத் தடவை குரல் தணிந்திருந்தது.

"ஐயா பழசெல்லாம் மறந்துட்டாரு. நாளைக்கு அறுப்புக்கு வரச் சொன்னாரு. அன்னம்மா மட்டும் வூட்டாண்ட வந்து வேலை வேணும்னு ஒரு வார்த்தை கேட்டா போதுமாம்."

பெண்களும் ஆண்களும் அரிவாளைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார்கள். பக்கத்து ஊரான கூரத்தில் ஒருவர் வயலுக்கு அறுப்பு ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

"நான் எதுக்குக் கேக்கணும்? கதிரு அவுருது. அவுருதான் கேக்கணும்" என்றாள் அன்னம்மாள். "இந்த வாரம் கூரத்துக்கு வாக்குக் கொடுத்துட்டோம். அடுத்த வாரம் வேணும்னா அவுரே வந்து கூப்பிடச் சொல்லுங்க. கூலிய அப்ப பேசிக்கலாம்."

"அதுக்குள்ள நெல்லு உதிந்துடுமே" என்றான் பழனி.

"ஆமா" என்றாள் வடிவு, "உதிரும்."

அவர்கள் சாலையில் ஏறி நடந்தார்கள். கண்ணாயிரத்தின் வயலோரமாகத்தான் வழி. வரப்பில் அவர் நின்றிருந்தார். வீரபத்திரன் தலையைக் குனியாமல், நடையை நிறுத்தாமல், அவரைக் கடந்து போனான். பின்னால் வந்த அன்னம்மாள் அவரைப் பார்த்து, "வரோங்க" என்றாள். அவரும் தன்னையறியாமல் தலையை ஆட்டினார்.