இடது கையால் வரைந்த தொப்பையன்

ஏணியைக் கண்டாலே கைகால் உதறும் தீயணைப்பு வீரன் தொப்பையனை முப்பது வருடம் வாராவாரம் பத்திரிகையில் வரைந்தவர் மைக்காரர். அது புனைபெயர்; வீட்டுக்காரம்மாகூட அவரை அப்படித்தான் கூப்பிடுவார். பக்கவாதம் வந்து வலது கை விழுந்ததும் தொடர் நின்றுபோனது.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் என் பிசியோதெரபி கிளினிக்குக்கு வந்தார். ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால் முறைப்பார். இடது கையில் பென்சிலைக் கொடுத்தால்தான் முகம் தெளியும். கடைசியாக வந்த நாளன்று எனக்கு ஒரு படம் கொடுத்தார். தொப்பையன் ஏணியின் இரண்டாம் படியில் நிற்கிறான். கோடுகள் எல்லாம் நடுங்கின.

"பாவம், இப்பத்தான் இவனுக்கு நிஜமாவே பயம் வந்திருக்கு" என்று சிரித்தார்.

அவர் இறந்த மறு வருடம், அவருடைய பிறந்தநாளன்று, அவர் நினைவாக ஒரு ஜியோகேஷ் வைத்தேன். எனக்கிருக்கும் ஒரே பைத்தியம் அது. ஒரு டப்பாவை எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போட்டுவிட்டால், முன்பின் தெரியாதவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே தேடி வருவார்கள். கிடைத்தால் உள்ளிருக்கும் நோட்டில் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். கிளினிக் வாசலில், சக்கர நாற்காலி ஏறும் சாய்வுப் பாதையின் கைப்பிடிக்கு அடியில் காந்தத்தால் ஒட்டவைத்தேன். உள்ளே நோட்டு, பென்சில், அந்தப் படத்தின் நகல்.

ஒரே மாதத்தில் நாற்பது பேர் வந்துவிட்டார்கள். தீயணைப்பு நிலையத்திலிருந்து மூன்று பேர் சீருடையோடு வந்து குனிந்து தேடியதைப் பார்த்து, தெருவே என்னமோ ஏதோ என்று வாசலுக்கு வந்துவிட்டது.

விஷயம் காதுக்கு எட்டி, நாற்பத்தோராவது ஆளாக வந்தவர் மைக்காரரின் மனைவி. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். கையில், டப்பாவிலிருந்து எடுத்த அந்த நகல்.

"யாரைக் கேட்டு இதை வெளியில வச்சே?"

"அவர் எனக்குக் குடுத்ததும்மா."

"உனக்குத்தானே குடுத்தாரு? ஊருக்கா குடுத்தாரு? ஒரு கோடு கோணினா முழுப் பக்கத்தையும் கிழிச்சுப் போடுற மனுஷன். அவரைப் போய் இப்படிக் கோணலா நிறுத்தி வச்சிருக்கியே!"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

"உங்களைக் கேட்டிருக்கணும். தப்புதாம்மா. படத்தை எடுத்துட்டுப் போங்க. கூடவே இந்த நோட்டையும் ஒரு தடவை படிச்சுப் பாருங்க. அப்பவும் வேண்டாம்னு தோணிச்சுன்னா, டப்பாவையே எடுத்துடறேன்."

மறுநாள் நான் பூட்டைத் திறக்கும் முன்பே வாசலில் நின்றிருந்தார். டப்பா நோட்டில் ஒரு பக்கத்தைப் பிரித்து நீட்டினார். எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடந்தன.

'சலூன் வைத்திருந்தேன். வலது கை போய்விட்டது. இடது கையால் பல்கூட விளக்கமாட்டேன் என்று அடம்பிடித்தேன். மைக்காரரே இப்படிக் கோணலாக வரைந்திருக்கிறார், எனக்கென்ன வீறாப்பு? இந்த நாலு வரி எழுத ஒரு மணி நேரம் ஆனது.'

"யாரு இது?" என்று கேட்டார்.

"இங்கதான் சிகிச்சைக்கு வர்றாரு. பத்து மணிக்கு வந்துடுவாரு."

காத்திருந்தார். சலூன்காரர் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றார்.

"நீங்கதான் இதை எழுதினீங்களா?"

"கிறுக்கினேன்னு சொல்லுங்க."

"அந்தப் படத்துல அப்படி என்ன இருக்கு?"

சலூன்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். "பழைய தொப்பையனைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிச்சிருக்கேம்மா. இவனைப் பார்த்ததும், அட, இவன் நம்மாளுன்னு தோணிச்சு."

டீச்சர் பையிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்து சலூன்காரர் மடியில் வைத்தார். மைக்காரர் வீட்டில் இடது கையால் வரைந்து பழகிய நோட்டு. முதல் பக்கங்களில் வெறும் கோடுகள். போகப்போகக் கோடு மூக்கானது, மூக்கு முகமானது, பாதி நோட்டுக்கு மேல் ஒரு கதையே ஓடியது.

"எரிச்சிடுன்னாரு. சரின்னு தலையாட்டிட்டு பீரோவுல துணிக்கு அடியில வச்சுட்டேன். முப்பத்தெட்டு வருஷத்துல அவர் பேச்சை மீறினது இது ஒண்ணுதான்." ஒரு நொடி நிறுத்தினார். "சரி, பெருசா மீறினது இது ஒண்ணுதான்."

சலூன்காரர் இடது கையாலேயே பக்கங்களைப் புரட்டினார். ஒரு இடத்தில் உடம்பு குலுங்கச் சிரித்தார். எட்டிப் பார்த்த டீச்சரும் சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

அந்த நோட்டிலிருந்து பத்துப் பக்கங்களை அவரே தேர்ந்தெடுத்து நகல் எடுத்துவந்தார். பழைய டப்பா போதவில்லை, பெரியது வாங்கினோம். மூன்று மாதம் கழித்து சலூன்காரர் இடது கையில் கத்தரிக்கோல் பிடித்தார். முதல் தலை என்னுடையது. முன்முடி ஒரு பக்கம் தூக்கலாக இருந்தது. கேட்டவர்களிடம் புது ஸ்டைல் என்றேன்.

டீச்சர் இப்போது ஞாயிறுதோறும் என்னோடு, மற்றவர்கள் ஒளித்துவைத்த டப்பாக்களைத் தேட வருகிறார். போன வாரம் பூங்காவில் ஒரு பெஞ்சுக்கு அடியில் தலையை விட்டு, முழங்காலெல்லாம் மண்ணாக, கையால் துழாவிக்கொண்டிருந்தார். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்குச் சங்கடமாகிவிட்டது.

"அம்மா, எல்லாரும் பாக்கிறாங்க."

"பாக்கட்டும். நீ நின்னு வேடிக்கை பாக்காம அந்தப் பக்கம் தேடு."