உள்ளங்கை அகலம்

படங்களுக்குச் சட்டம் போடும் ஃப்ரேம்காரருடைய மனைவியின் தங்கை ஓவியர். வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். நான்கு மாதமாகத் தடித்த காகிதத்தில் எண்ணெய் வண்ணத்தைப் பூசுவதும் சுரண்டுவதும் மறுபடி பூசுவதுமாக இருந்தாள். படத்தில் உருவம் என்று எதுவும் கிடையாது. சாம்பலும் செம்மண் நிறமுமாக மேடு, பள்ளம், கீறல்.

"மேலே காய்ஞ்சிருக்கு, உள்ளே பச்சையா இருக்கு. எதையும் மேல வெச்சிடாதீங்க அத்தான்" என்று சொல்லித்தான் சட்டம் போடக் கொடுத்தாள்.

காகிதம் ஓரத்தில் சுருண்டிருந்தது. சுருண்டதை நிமிர்த்தாமல் சட்டம் போட அவருக்குக் கை வராது. இருபது வருடப் பழக்கத்தில் எண்ணெய்த்தாள் விரித்து, கண்ணாடிப் பலகை வைத்து, மேலே இரும்புக்கட்டியை ஏற்றிவிட்டார். எடுத்துப் பார்த்தபோது நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மேடெல்லாம் நசுங்கி, மிதித்த சேறு போல் கிடந்தது.

அப்போதே போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. வண்ணம் குழைத்து, மக்கு பூசும் தட்டைக் கத்தியால் மேடு எழுப்பி, மூன்று நாளில் ஒப்பேற்றிவிட்டார்.

கண்காட்சி திறப்பன்று சின்னவள் இருபது பேருக்கு அந்தப் படத்தை விளக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்த இடத்தைப் பதினோரு தடவை சுரண்டியிருக்கேன். மத்ததெல்லாம் கை பழக்கத்துல வந்தது. இது மட்டும்தான் நானே தேடிக் கண்டுபிடிச்சது."

அவள் விரல் நின்றது அவருடைய மூன்று நாள் வேலையின்மேல்.

"சட்டத்தைப் பத்தி ஒருத்தராவது வாயைத் திறக்கிறாங்களா பாருங்க" என்று மனைவி அவர் காதில் குறைபட்டாள்.

மூக்குக்கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் படத்தைத் தமது கல்லூரிக்குக் கேட்டார். மறுநாளே போய்விடும். இனி சொல்வதென்றால் இன்றுதான். ஃப்ரேம்காரர் சின்னவளைத் தண்ணீர்க் குடம் இருந்த மூலைக்குக் கூட்டிப்போய் நடந்ததைச் சொன்னார்.

"எந்த இடம்?"

"நீ விரல் வெச்சியே, அதுதான்."

திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் காதுமடல் சிவந்தது.

"எனக்கே தெரியலையே அத்தான். இத்தனை பேர் முன்னாடி..." என்றவள், "கழட்டிடுங்க" என்றாள்.

அவர் போய்ச் சட்டத்தை ஆணியிலிருந்து தூக்கினார்.

மனைவி ஓடிவந்தாள். "என்னங்க, புத்தி கித்தி பிசகிப்போச்சா? மாட்டினதை ஏன் கழட்டுறீங்க?"

"நசுக்கிட்டேன். அதை மறைக்க நானே பூசிட்டேன். அவளுக்குச் சொல்லலை."

கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி தலை குனிந்துகொண்டாள். பெரியவர் மட்டும் கிட்டே வந்தார்.

"நீங்க பூசினது எது?"

சட்டத்தை மார்போடு அணைத்திருந்த அவர், ஒரு கையை விடுவித்துக் காட்டினார். பெரியவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி, ஏற்றி, வெகுநேரம் பார்த்தார். பிறகு ஆறுதலாகவே சொன்னார்.

"எனக்கு வித்தியாசமே தெரியலையேப்பா."

சின்னவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கையிலிருந்த படத்தைக் கீழே வைக்க ஃப்ரேம்காரருக்கு இடம் அகப்படவில்லை.