மருந்து போடாத செடி

என் செடிக் கடையில் வியாழக்கிழமைதோறும் எல்லாத் தொட்டிகளுக்கும் பூச்சிமருந்து ஊற்றுவோம். வேரில் இறங்கி இலை நுனிவரை ஏறும் மருந்து. வாங்க வருபவர், "மருந்து போட்டதா?" என்று கேட்டால், "வெறும் தண்ணிதாங்க" என்போம். இருபத்தைந்து வருடமாகச் சொல்லிச் சொல்லி, அது தும்மல் மாதிரி யோசிக்காமலே வரும்.

அக்கா வந்த அன்றும் அப்படித்தான் வந்தது.

அக்கா தனியாக இருக்கிறாள். மகன் வெளிநாடு போகும்போது தன் டாரன்டுலா சிலந்தியை அவளிடம் விட்டுப் போனான். உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் ரோமம், கண்ணாடிப் பெட்டிக்குள் குடித்தனம். பெயர் மகாராணி. முதல் மாதம் பெட்டியைப் போர்வை போட்டு மூடி வைத்திருந்தாள். பிறகு போர்வை போய்விட்டது. ஏனென்றால், மகாராணியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மகன் வீடியோவில் அழைத்தான்.

"அம்மா எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டான்டா. சாப்பிட்டுச்சா, தோல் உரிச்சுச்சா, அவ்வளவுதான்" என்பாள். குறைதான் சொல்வாள், ஆனால் சனிக்கிழமையே கண்ணாடியைத் துடைத்து வைத்துவிடுவாள்.

உயிருள்ள செடி வைத்தால் பெட்டிக்குள் ஈரம் நிற்கும், மகாராணிக்கு ஒளிந்துகொள்ளவும் ஆகும் என்று மகன் சொல்லியிருந்தான்.

"சின்னதா ஒரு மணிபிளான்ட் குடுடா. மருந்து போடாததா பாத்துக் குடு. மூணு தடவ சொன்னான்."

"வெறும் தண்ணிதாங்க" என்றேன்.

அக்கா சிரித்தாள். "கூடப் பொறந்தவளுக்கே 'ங்க' போடுறியேடா."

நானும் சிரித்தேன். அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். "எதுக்கும் கழுவிட்டு வைக்கா" என்று அனுப்பிவிட்டேன். இலையைக் கழுவலாம், சாற்றைக் கழுவ முடியாது. அது எனக்குத் தெரியும். என் மனசாட்சிக்கு நானே கொடுத்துக்கொண்ட தள்ளுபடி அது.

மூன்றாவது வாரம் அக்கா போன் செய்தாள். "டேய், மகாராணி நடுங்குது. காலெல்லாம் உள்ள மடங்குது. சீக்கிரம் வாடா."

நான் போய்ச் சேர்வதற்குள் எட்டுக் காலும் மடங்கி, மூடிய கை மாதிரிக் கிடந்தது. செடி மட்டும் செழிப்பாக இருந்தது. குனிந்து பார்த்தேன். இலை ஓரமெல்லாம் பொடிப் பொடியாகக் கடித்த தடம். மகாராணிக்குத் தீனியாக உயிரோடு விட்ட சுவர்க்கோழிப் பூச்சிகள் இலையைத் தின்றிருக்கின்றன. அவற்றை மகாராணி தின்றிருக்கிறது.

"நான்தான்டா தண்ணி ஜாஸ்தியா தெளிச்சுட்டேன்" என்றாள் அக்கா.

நான் வாயைத் திறக்கவில்லை. எப்படிப்பட்ட ஆளையும் பேசியே வழிக்குக் கொண்டுவருவேன் என்று பேரெடுத்த வாய்.

ஞாயிற்றுக்கிழமை மகனிடமும் அதையே சொன்னாள். "உன்கிட்ட விட்டுட்டு வந்தது என் தப்பும்மா" என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான். பக்கத்தில் உட்கார்ந்து நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஆறு ஞாயிறு போயிற்று. அவன் அழைக்கவில்லை. ஏழாவது ஞாயிறு போனேன். காலிப் பெட்டியின்மேல் போனைச் சாய்த்து வைத்து, எதிரே உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. செடியைச் சமையலறை ஜன்னலுக்கு மாற்றியிருந்தாள்.

"உன் செடி மட்டும் தளதளன்னு வருதுடா. மருந்து போடாத செடின்னா செடிதான்."

"அக்கா, அது மருந்து ஊத்துன செடி."

அவள் என்னையே பார்த்தாள்.

"கேட்டேனேடா."

"கேட்டக்கா."

"அன்னைக்கு 'ங்க' போட்டியே. நான் சிரிச்சேன்."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு கிளம்பியிருப்பேன். அவள் திட்டவில்லை. போனை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். "அவன்கிட்ட சொல்லு."

அழைத்தேன். மணி முழுசாக அடித்து ஓய்ந்தது.

"எடுக்கலக்கா."

"மறுபடியும் போடு" என்றாள்.