அறுபத்தோரு வரி

சனிக்கிழமை மதியம் ஷூ ஃபேக்டரியிலிருந்து வந்து கம்ப்யூட்டரைப் போட்ட இவாஞ்சலினுக்குத் திரையில் பச்சைப் புல்வெளியும் நீல வானமும் தெரிந்தன. இரண்டாயிரத்து எட்டில் ஆம்பூரில் கம்ப்யூட்டர் இருந்த எல்லார் வீட்டிலும் இருந்த அதே விண்டோஸ் புல்வெளி. நான்கு மாதமாகத் தனக்கென்று அமைத்து வைத்திருந்த லினக்ஸ் போன இடம் தெரியவில்லை.

"கம்ப்யூட்டர் கடை சர்தார் பாஷாவ கூட்டியாந்து ஃபார்மட் அடிச்சிட்டேன்," என்றான் அண்ணன் டைட்டஸ், பேப்பரை இறக்காமல். "ஊருக்கெல்லாம் இருக்கறது நமக்கு ஆவாதா? உன்னுது ஒரே பேஜாரு."

அவளுடைய போனஸில் வாங்கிய கம்ப்யூட்டர் அது என்பது அவனுக்கு ஞாபகம் வராததில் தெருவுக்கு ஆச்சரியமில்லை. முப்பத்தாறு வயதில் கல்யாணம் வேண்டாம் என்றவளுக்கு இதில் வேறு பிடிவாதமா என்பதே தெருவின் கட்சி. எதிர்வீட்டு வஹீதா, அழுகை கேட்கிறதா என்று பார்க்கக் காலிக் கிண்ணத்தோடு சர்க்கரை கேட்டு வந்துவிட்டாள்.

அழுகை இல்லை. இவாஞ்சலின் பைபிளுக்குள்ளிருந்து ஒரு மடித்த தாளை எடுத்தாள். ஃபேக்டரியில் அவள் வேலை ஸ்பெக் ஷீட் அடிப்பது: இன்ன தோல், இன்ன நூல், இன்ன சோல். ஷீட்டில் உள்ளதுதான் ஷூவில் வரும், எழுதாதது வராது. இந்த லினக்ஸும் அந்த ஜாதிதான். எந்த எழுத்துரு, எந்த புரோகிராம், யார் யார் உள்ளே வரலாம், எல்லாம் ஒரே ஃபைலில் அறுபத்தோரு வரி; அதன் நகல்தான் இந்தத் தாள். அதைக் கொடுத்தால் மெஷின் முதலிலிருந்து தன்னைத்தானே கட்டிக்கொள்ளும்.

சிடியைப் போட்டுத் தாளைப் பார்த்து அடிக்க ஆரம்பித்தாள்.

"இன்னா இவா, மந்திரமா?" என்றாள் வஹீதா, ஸ்டூலில் உட்கார்ந்து.

"ஸ்பெக் ஷீட், அக்கா."

ஐம்பத்தெட்டாவது வரியில் விரல் நின்றது. அண்ணனும் உள்ளே வரலாம் என்று அவளே எழுதிய வரி. கழித்துக்கட்டும் ஷூவில் போடுவதுபோல் அதன்மேல் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

அடித்து முடித்ததும், இருபத்து மூன்றாவது வரியில் அரைப்புள்ளி இல்லை என்று மெஷின் சண்டைக்கு வந்தது. பேப்பருக்குப் பின்னால் டைட்டஸ் சிரித்தான். அவள் அரைப்புள்ளியை வைத்தாள். பிராட்பேண்ட் இழுத்து இழுத்து, ஆறு மணிக்கு அவளுடைய திரை வந்தது. ஓரத்துக் கடிகாரம்கூட வைத்த இடத்தில்.

அவள் தன் கணக்கை மூடி எழுந்ததும் டைட்டஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு, பெயர் கேட்ட கட்டத்தில் தன் பெயரை அடித்தான். மறுபடியும் அடித்தான்.

"என் பேர எடுக்க மாட்டேங்குது."

"ஷீட்ல இல்லண்ணே."

"அப்போ எழுது."

இவாஞ்சலின் சிவப்புப் பேனாவை மூடினாள். திரையில் அந்தக் கட்டம், யாராவது பெயர் சொல்லட்டும் என்று மினுக்கிக்கொண்டிருந்தது. வஹீதா காலிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்திப் போட்டாள்.