சங்கவியின் முகம் தெளிந்த விவரம்

2019 ஆவணியில் திண்டிவனத்தில் கல்யாணமான சங்கவியின் முகம், தாலி ஏறிய நிமிடத்திலிருந்து ஐந்தரை வருஷம் ஃபோகஸ் இல்லாமல் இருந்தது. ஈரக்கையால் துடைத்த சிலேட்டில் பழைய எழுத்து தெரியுமே, அப்படி. மாப்பிள்ளை குமரேசன் ஒரு சாண் முன்னால் உட்கார்ந்திருந்ததால் தப்பித்தார்.

காரணம் ஒரு சொல். பெண்ணின் அம்மா பாஞ்சாலி ஸ்டூடியோக்காரர் புகழேந்தியிடம், "எம் பொண்ணு பளிச்சுனு தெரியணும்பா" என்று சொல்லியிருந்தார். அவர் கேட்டது தெளிவு. புகழேந்தி காதில் விழுந்தது வெளிச்சம். தாலி கட்டும் படத்தை மட்டும், கையால் ஃபோகஸ் திருப்பும் பழைய லென்ஸில் எடுப்பது அவர் வழக்கம். கேமராவில் கண் வைத்துப் பார்க்கிற இடத்துக்குள்ளே, படம் வந்து விழும் சின்னக் கண்ணாடி ஒன்று உண்டு. இருட்டடித்த அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சென்னையிலிருந்து பளிச் கண்ணாடி வரவழைத்துப் போட்டார். அதில் மண்டபமே பட்டப்பகலாகத் தெரிந்தது. அந்த வருஷங்களில் முகம் கலங்கிய மணப்பெண்கள் இன்னும் பதினொரு பேர்.

குடும்பம் பழகிவிட்டது. குமரேசன் நடையை வைத்து மனைவியைக் கண்டுகொண்டார். நிலத்தில் மல்லாட்டைக் கடலை பிடுங்க வந்தவர்கள், "இன்னாடி, மூஞ்ச மோட்டார் கொட்டாயில வுட்டுட்டு வந்துட்டியா?" என்பார்கள். "தேடிக்கினுதான் கீறேன், கெடச்சா எடுத்தாந்து குடு" என்பாள் சங்கவி. ஆனால் அரசு வேலைத் தேர்வுக்கு விழுப்புரம் போனால், கல்யாணத்துக்கு முந்திய படத்தோடு முகம் ஒத்துப்போகவில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். இரண்டு முறை. மூன்றாவது தேர்வோடு வயது வரம்பு முடிகிறது.

அதற்கு முதல் நாள் அவள் ஸ்டூடியோவுக்கு வந்து, கேமராவை வாங்கித் தன் கண்ணில் வைத்து, லென்ஸை அப்படியும் இப்படியும் திருப்பினாள்.

"அண்ணா, எப்படித் திருப்புனாலும் நீங்க தெளிவாத்தான் கீறீங்க. அப்புறம் எங்கதான் நிறுத்துவீங்க?"

புகழேந்தி வாங்கிப் பார்த்தார். "ஆமாம்மா. தப்பா இருந்தாலும் இது காட்டிக்குடுக்க மாட்டேங்குது."

சோப்பு டப்பாவில் கிடந்த பழைய கண்ணாடியைத் தேடி மாட்டினார். அதில் சங்கவி அந்தி நேரத்து ஆள் போல மங்கலாக இருந்தாள். மூச்சை அடக்கித் திருப்பினார். கலங்கல், கலங்கல், பிறகு ஒரு மயிரிழையில் மூக்குத்திக் கல் முள்ளாகக் குத்தியது. அங்கேயே அழுத்தினார். நிமிர்ந்தால், முழு முகத்தோடு சங்கவி உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் கறுத்துட்ட" என்றார் வீட்டில் குமரேசன்.

"கறுத்தது தெரியுதில்ல, அது போதும்."

மறுநாள் வாசலில் படத்தை ஒரு தரம், முகத்தை ஒரு தரம் பார்த்து உள்ளே விட்டார்கள். அந்த மாதமே பிரம்மதேசம், முகையூர் பக்கத்திலிருந்து பதினொரு பேரும் ஸ்டூடியோவுக்கு வந்து போனார்கள். சங்கவி இப்போது விழுப்புரத்தில் இளநிலை உதவியாளர். மூக்குத்திக்கு நிறுத்திய ஃபோகஸில் இடது காது மட்டும் வெளியே போய்விட்டது. அதில் கம்மல் ஒன்றா இரண்டா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மனு கொடுக்க வருகிறவர்கள் காதைப் பார்ப்பதில்லை.