தீவின் வெயிலுக்குச் சுண்டைக்காய் சாட்சி

திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் சைக்கிள் கடை வைத்திருந்த சூசைமுத்துவுக்கு எதையும் தேர்ந்தெடுக்க வராது. செருப்பு வாங்கப் போனால் இடது காலுக்கு ஒரு கடையும் வலது காலுக்கு ஒரு கடையும் பார்த்துவிட்டு, வெறுங்காலோடு வீடு திரும்புகிற ஆள். கல்யாணத்துக்குப் பெண் பார்த்ததுகூட அவன் இல்லை. ரோசலின்தான் அவனைப் பார்த்து, "இவரே போதும்" என்று சொல்லி முடித்துவைத்தாள். அப்படிப்பட்டவன் தலையில் ஐம்பத்தெட்டாம் வருசம் கார்த்திகை நடுவில் இப்படி ஒரு காரியம் வந்து விழுந்தது.

ரோசலினுக்கு நெஞ்சில் சளி கட்டி, மழைக்காலம் பூராவும் இருமல். பெரியாஸ்பத்திரி டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, சூசைமுத்துவை மட்டும் தனியே கூப்பிட்டார்.

"சிறுமலைப் பனி இறங்குது. இந்தம்மா இதைத் தாங்காது. கடலோரமா, நல்லா வெயில் அடிக்கிற இடமாப் பாத்து ஒரு மாசம் கூட்டிட்டுப் போய் வையும்."

"ராமேஸ்வரம் தீவுல சொந்தக்காரங்க இருக்காங்க சார்."

"நல்லது. ஆனா ஒண்ணு கேட்டுக்கிரும். வெயிலோட இருந்தாத்தான் கடல்காத்து மருந்து. வெயில் இல்லாட்டி ஈரச்சாக்கைப் போத்திவிட்ட மாதிரி. அதுக்கு இங்கயே இருக்கலாம். இடம் தப்பாப் போச்சுன்னா என்கிட்டத் திரும்பக் கூட்டிட்டு வர வேண்டிய வேலை இருக்காது."

சூசைமுத்து ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிளை மறந்துவிட்டு நடந்தே வீடு வந்து சேர்ந்தான்.

திண்டுக்கல்காரன் வெயிலைத் தேடிப் போனதாக அதற்கு முன் சரித்திரம் கிடையாது. கையில் காசிருக்கிறவன் வத்தலக்குண்டுக்கு பஸ் ஏறி, அங்கிருந்து கொடைக்கானல் போய்க் காசு கொடுத்து நடுங்கிவிட்டு வருவான். வெயில் வீட்டுக்கே வந்து கூரையைப் பிரிக்கும். அதைப் போய் எந்த ஊரில் நல்லதாகக் கிடைக்கும் என்று யாரிடம் விசாரிப்பது?

தீவில் இரண்டு வீடு இருந்தது. ரோசலினின் தம்பி ஞானதாஸ் பாம்பன் ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். சூசைமுத்துவின் அண்ணன் ஆரோக்கியதாஸ் தங்கச்சிமடத்தில் பெண் எடுத்து, மாமனாரின் தென்னந்தோப்பிலேயே தங்கிவிட்டவர். பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவே ஒரே ஒரு ரயில் நிறுத்தம்தான் தூரம். அந்த இரண்டு பேருக்கும் நடுவே உள்ள தூரத்துக்கு இன்னும் ரயில் போடவில்லை.

சங்கதி தெரிந்ததும் ஆரோக்கியதாஸ் நேரிலேயே வந்து இறங்கினார்.

"ஏலே சூசை, இதுல யோசிக்க என்னடா இருக்கு? எங்க ஊரு வெயில் வேற எங்க வரும்? கடல்ல குளிச்சுட்டுக் கரையேறி நாலு எட்டு வச்சாப் போதும், தலையில உப்பைத் தட்டி டப்பாவுல போட்டுக்கலாம். மத்தியானத்துல நிழல்கூட பயந்துக்கிட்டு ஆளுக்கு அடியிலயே உக்காந்திருக்கும்."

"பாம்பன்லயும் அதே சூரியன்தானேண்ணே?"

"அது பாலத்துக்கு நேரா இருக்குடா. வர்ற காத்து பூராம் அங்கதான் மோதும். வெயில் அங்க நிக்குமா? எங்க ஊருக்கு வந்துதான் உக்காரும்."

கட்டிலில் போர்த்திப் படுத்திருந்த ரோசலின், "மச்சான், வெயிலுக்கு நீங்க பாய் விரிச்சுப் போடுவீகளோ?" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்து அவளை மடக்கிப் போட்டது. இருமி முடித்தபோது உதடு நீலமாயிருந்தது. ஆரோக்கியதாஸே எழுந்து தண்ணீர்ச் செம்பை நீட்டினார்.

அன்று ராத்திரி சூசைமுத்துவுக்கு ஒரு யோசனை வந்தது. அவன் ஆயுளில் வந்த ஒரே யோசனை என்பதால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பேச்சை நம்பினால்தானே மோசம் போக? வத்தல் பொய் சொல்லாது! கொல்லையில் நின்ற ஒரே செடியில் சுண்டைக்காய் பறித்து, தட்டி, மோரிலும் உப்பிலும் ஊறவைத்து, இரண்டு பங்காகப் பிரித்தான். ஒன்றை அண்ணன் கையில் கொடுத்தான். மற்றொன்றை பாம்பனுக்கு ரயிலில் போட்டான். இரண்டு பேருக்கும் ஒரே கட்டளை: வெட்டவெளி மணலில் பாய் விரித்து, ஒரு வாரம் வெயிலில் காயவைத்து, அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். எது நல்லாக் காய்ந்திருக்கிறதோ அந்த ஊருக்கு ரோசலின்.

"பொண்டாட்டி உசிரைச் சுண்டைக்காய்ல கொண்டு வச்சிட்டீகளே" என்றாள் அவள். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளுக்குத் தம்பி வீட்டுக்குப் போக ஆசை என்பது அவனுக்குத் தெரியும். ஆசைக்காக இடத்தைத் தேர்ந்தெடுத்தால் பழி பெரிது என்பது அவளுக்குத் தெரியும்.

பாம்பன் பார்சல் முதலில் வந்தது. பிரிக்கும்போதே கை வழுக்கியது. சுண்டைக்காய் அத்தனையும் பச்சைப் பூசணம் பூத்து, ஆட்டுக்குட்டி மாதிரி ரோமம் விட்டிருந்தது. கூடவே ஞானதாஸின் கார்டு: "மாமா, வெயில் இல்லை. மூடியே கிடக்கிறது. காய் கெட்டுப்போய்விட்டது. அக்காவிடம் சொல்லவும்."

ரோசலின் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் தங்கச்சிமடத்திலிருந்து தகர டப்பா வந்தது. சூசைமுத்து அதைக் காதருகே வைத்துக் குலுக்கினான். உள்ளே கோலிக்குண்டு உருளுகிற மாதிரி சத்தம். ஒன்றை எடுத்து உடைத்தான். 'டக்'கென்று போனது. முகர்ந்து பார்க்கலாம்தான். ஆனால் சைக்கிள் கடைக்காரன் மூக்கில் பஞ்சர் ஒட்டுகிற சொலூஷன் வாசனை நிரந்தரக் குடியிருப்பு. வேறு வாசனைக்கு அங்கே இடமில்லை.

"தங்கச்சிமடம்தான்" என்றான். தானாக ஒரு முடிவுக்கு வந்த அதிசயத்தில் அவன் குரலே அவனுக்குப் புதுசாயிருந்தது. ரோசலின் டப்பாவைத் திரும்பியும் பார்க்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் கூட்டிப்போக ஆரோக்கியதாஸே வந்தார். மத்தியான வண்டிக்கு மூன்று பேரும் ஸ்டேஷன் போனார்கள். மதுரையில் மாறி ஏற வேண்டும். திண்டுக்கல்லில் அன்றைக்கு மலைக்கோட்டைப் பாறையே தெரியாத அளவுக்கு மூட்டம். ரோசலினை பெஞ்சில் உட்காரவைத்துக் கம்பளியைச் சுற்றிவிட்டு சூசைமுத்து டிக்கெட் வரிசையில் நின்றான். எதிர்ப்பக்க பெஞ்சில் சாமான்களை வைத்துக்கொண்டு அண்ணன் காலாட்டிக்கொண்டிருந்தார்.

வரிசை நகர்ந்தது. அவனுக்கு முன்னால் நாலைந்து பேர்தான் இருந்தார்கள்.

ரோசலினுக்கு வாய் கசந்தது. மருந்துக் கசப்பு. காய்ந்த சுண்டைக்காயைப் பொரிக்காமலே வாயில் போட்டு அடக்கிக்கொள்வது அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே பழக்கம். கூடையைத் துழாவி அந்தத் தகர டப்பாவை எடுத்து, மூடியை நெம்பித் திறந்தாள்.

உள்ளிருந்து கிளம்பிய வாசனை நெஞ்சில் ஏறியதும் பிடித்துக்கொண்டது இருமல். பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கிற இருமல். டப்பா உருண்டது, வத்தல் சிதறியது. சூசைமுத்து வரிசையை விட்டு ஓடிவந்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு கிடைத்த இடைவெளியில் ஒரே வார்த்தை சொன்னாள்: "புகை."

"எங்க புகை? இங்க புகையே இல்லையே!"

அவள் கீழே கிடந்த வத்தலைக் காட்டினாள்.

ஆரோக்கியதாஸ் எழுந்து வந்தார். "கரி எஞ்சின்ல வந்த டப்பா, புகை வாசம் இல்லாம மல்லிகை வாசமா வரும்? ஏத்தா, தண்ணி குடி. டேய், நீ வரிசைக்குப் போடா, இடம் போயிரும்."

சூசைமுத்து இரண்டு எட்டு வரிசைப் பக்கம் வைத்தான். அண்ணன் சொன்னால் கால் தானாக நகரும். முப்பத்தைந்து வருசப் பழக்கம். அப்புறம் நின்றான்.

"பாம்பன் பொட்டணமும் அதே எஞ்சின்லதானேண்ணே வந்துச்சு?"

"வந்துச்சு. அதுக்கென்ன?"

"அதுல இவ இருமலையே."

"பூசணத்துக்கு ஏதுடா புகை?"

"இது கரிப்புகை இல்ல," என்றாள் ரோசலின். குரல் நூல் மாதிரி வந்தது. "மட்டைப் புகை. தென்ன மட்டை."

சூசைமுத்து அண்ணன் முகத்தைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து அவன் அந்த முகத்தை நேராகப் பார்த்ததில்லை. மீசை வரைக்கும்தான் பார்ப்பான். இப்போது கண் வரைக்கும் பார்த்தான்.

"அண்ணே, உங்க ஊர்ல கடைசியா எப்ப வெயில் அடிச்சுச்சு?"

"தீவுன்னா அப்படியும் இப்படியும்..."

"எப்பண்ணே?"

தூரத்தில் கைகாட்டி இறங்கியது. ஆரோக்கியதாஸ் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைக்க அங்கே வேர்வை இல்லை.

"கார்த்திகை பூராம் மூட்டம்தான்டா. மணல்ல போட்டேன், ஈரமாத்தான் இருந்துச்சு. அப்புறம் உன் மதினிதான் அடுப்புக்கு மேல கட்டித் தொங்கவிட்டா. ஏலே, ஊர் பூராம் சொல்லிட்டேன்டா, என் தம்பி குடும்பம் கிறிஸ்துமஸுக்கு என் வீட்டுக்குத்தான் வருதுன்னு. புது ஓலை போட்டுக் கொட்டகை மேஞ்சு வச்சிருக்கேன். நீ போயி அந்தப் பாம்பன்காரன் வீட்டுல இறங்குனா, நான் கோயில்ல எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு நிப்பேன்?"

"இவ செத்துப்போயிருந்தா எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு நின்னிருப்பீக?"

சூசைமுத்து இதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அண்ணனுக்கு அதுதான் அடிபட்ட மாதிரி இருந்தது.

"ரெண்டு நாள்ல வெளுத்துரும்னு நெனச்சேன்டா" என்றார். அதற்குமேல் அவரிடம் கைவசம் வெயில் இல்லை.

சூசைமுத்து திரும்பி நடந்து வரிசையில் நின்றான். அவன் இடம் போய்விட்டது, கடைசியில்தான் நின்றான். ரோசலின் கம்பளிக்குள்ளிருந்து அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனுசன் ஜன்னலுக்குப் போனதும் என்ன சொல்வார்? பழக்கதோஷத்தில் வாய் அண்ணன் ஊரைச் சொல்லிவிடுமோ? வண்டிச் சத்தம் கேட்டுக் கூட்டம் நெருக்கியது.

"எந்த ஊருய்யா? சீக்கிரம்," என்றார் ஜன்னல்காரர்.

"தங்கச்சிமடம்."

ரோசலின் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எத்தனை?"

"ஒண்ணு."

அந்த ஒற்றை டிக்கெட்டைக் கொண்டுவந்து அண்ணன் கையில் வைத்து, அவர் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் ஏற்றினான். "மதினியைக் கேட்டதாச் சொல்லுங்கண்ணே," என்றான். ஆரோக்கியதாஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, தண்டவாளத்தைப் பார்த்தபடியே மதுரைப் பக்கம் போனார்.

மார்கழி முழுக்க மேட்டுப்பட்டி வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. சூசைமுத்து கடையைச் சாத்திவிட்டான். மூட்டம் விலகுகிறபோது கொல்லையில் பாய் அகலத்துக்கு வெயில் விழும். அது நகர நகர, ரோசலினோடு கட்டிலையும் இழுத்துக்கொண்டே போவான். காலையில் வேலியோரம் புறப்பட்ட கட்டில் சாயங்காலம் கிணற்றடியில் போய் நிற்கும். இரண்டு தடவை டாக்டர் வீட்டுக்கே வந்துவிட்டுப் போனார். அந்த இரண்டு தடவையும் சூசைமுத்து அவர் முகத்தைத்தான் பார்த்தான். அவர் இவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"பாம்பனுக்காவது போயிருக்கலாமோ?" என்று ஒருநாள் கேட்டான்.

"வெயில் இல்லைன்னு அவன்தானே எழுதினான். வெயில் வந்தா அவனே சொல்லுவான். பேசாம கட்டிலை இழுங்க."

தை பிறந்து பொங்கல் கழிந்த ஒரு காலை, வாசலில் ஞானதாஸ் வந்து நின்றான். லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். ஆள் அடுப்புக்கட்டி மாதிரி கறுத்திருந்தான். மூக்கு நுனியில் வெங்காயச் சருகாகத் தோல் உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"மாமா," என்று ஆரம்பித்தான்.

ரோசலின் தம்பியின் மூக்கைப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகவே எழுந்து, கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை வெளியே இழுத்தாள்.

"சேலையெல்லாம் இதுலதான் இருக்கு," என்றாள் புருசனிடம். "இனிமே நீங்க ஒண்ணும் யோசிக்க வேணாம்."