ம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே கால் மணிக்குத் திரையில் நூறு சதவீதம் என்று வந்தது. கணினி அணைந்து, தானாகவே மறுபடி எழுந்தது. அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக் கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தான். இந்தப் புது இயங்குதளம் வெளியே வர இன்னும் மாதங்கள் ஆகும். அதற்கு முன் வீட்டில் வைத்து ஓட்டிப் பார்த்துக் குறை சொல்ல ஆட்கள் வேண்டும் என்று நிறுவனம் கேட்டிருந்தது. அவன் பெயர் கொடுத்திருந்தான். முதலில் ஒரு நீண்ட எச்சரிக்கை வந்தது. அன்றாட வேலைக்கு நம்பியிருக்கும் கணினியில் இதை நிறுவ வேண்டாம் என்ற வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. அவன் கீழே இறங்கி 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதை அழுத்தினான்.

"நம்பியிருக்கிற கம்ப்யூட்டர்ல போடாதேன்னு சொல்லுதே," என்றாள் மனைவி, பின்னாலிருந்து.

"இதை யாரு நம்பினா?"

கணினி முன்னறையில் இருந்தது. அப்பாவின் கட்டிலும் அங்கேதான். பக்கவாதம் வந்த பிறகு, குளியலறை பக்கம் என்று கட்டிலை இங்கே கொண்டுவந்திருந்தார்கள். கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம். அப்பா லாரி ஓட்டியவர். தனியாக ஓட்டி ஓட்டிப் பேச்சு குறைந்து போனவர். வீட்டிலிருக்கும் நாட்களிலும் எதைக் கேட்டாலும் 'ம்' என்பார். அம்மாவுக்கு மட்டும் அந்த 'ம்' பிரிந்து கேட்கும். "வேண்டாங்கறார்டா" என்பாள். இன்னொரு நாள், "சரிங்கறார், போயிட்டு வா" என்பாள். இரண்டும் ஒரே சத்தம்தானே என்று அவன் சிறு வயதில் கேட்டிருக்கிறான். அவள் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் இறந்து வருடங்களாகின்றன. நோய் அப்பாவின் வலது கையையும் வலது காலையும் மற்ற எல்லாச் சொற்களையும் எடுத்துக்கொண்டு 'ம்' ஒன்றை விட்டுவைத்தது. தலையசைப்பையும் நம்பாதீர்கள், வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வேண்டாம் என்று ஆட்டுவார் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மாதக் கடைசியில் அப்பாவை முதியோர் இல்லத்துக்கு அனுப்புவதாக ஏற்பாடு. அவரைத் தூக்கித் தூக்கி மனைவிக்கு இடுப்பு பிடித்து, அவளே படுக்கையில் விழுந்த வாரம் அது முடிவானது. அவன் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். காலையில் போனால் இருட்டித்தான் திரும்புவான். அக்கா வேறு ஊரில் இருந்தாள். இல்லத்தில் ஒரே நிபந்தனை. வருகிறவர் தன் வாயால் சம்மதிக்க வேண்டும், மேலாளர் நேரில் வந்து கேட்பார். அந்த வாரமே அவன் அப்பாவிடம் கேட்டான். "அப்பா, அங்க போய் இருக்கீங்களா? நல்லா பாத்துப்பாங்க." அப்பா "ம்" என்றார். அவன் அறையை விட்டு வெளியே வந்து அக்காவுக்கு ஃபோன் செய்தான். "அப்பா சரின்னுட்டார்."

இந்தச் சோதனைப் பதிப்புக்கு அவன் பெயர் கொடுத்ததே அதிலிருந்த 'ஒலித்துணை' என்ற வசதிக்காகத்தான். பேச்சு இழந்தவர்கள் எழுப்பும் சத்தத்தைக் கேட்டு, அதன் பொருளை அது சொல்லுமாம். திரையின் அடியில் ஒரு பட்டை. சத்தம் வந்ததும் அதில் ஒரு கோடு நடுங்கும். பிறகு 'ஆம்' அல்லது 'இல்லை' என்று எழுத்து வரும். பக்கத்தில் ஒரு கட்டம் நிறையும். அது எவ்வளவு நிறைகிறதோ அவ்வளவு நிச்சயம். கூடவே வாய்விட்டும் சொல்லும். வீட்டிலிருக்கும் ஒருவரின் குரலில் பேசட்டுமா என்று அது கேட்டது. அது காட்டிய வாக்கியங்களை அவன் வாசித்தான். சற்று நேரம் கழித்து, மேசையிலிருந்த ஒலிபெருக்கி அவனுடைய குரலில், "வணக்கம், நான் தயார்," என்றது.

"ஒரு ஆள் பேசுறதே தாங்கல," என்றாள் மனைவி. "இப்போ ரெண்டா?"

முதல் சில நாட்கள் அது உளறியது. குக்கர் விசில் அடித்தால் "ஆம் என்கிறார்" என்றது. மனைவி தும்மினால் "இல்லை என்கிறார்." வீட்டில் எல்லாரும் அதையே கவனித்துக்கொண்டு இருந்ததால் அவள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள். "உங்க மாப்பிள்ளை எழுந்தாச்சா?" என்று காலையில் மாமனாரிடம் கேட்பாள். அப்பாவின் வாயில் வேலை செய்கிற பாதி கொஞ்சம் மேலே போகும். அவர் 'ம்' என்பார். "ஆம் என்கிறார்," என்று மேசை சொல்லும்.

பிறகு ஒருநாள் மாலை அவன் கடையிலிருந்து வந்தபோது மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

"பாருங்க. மாமா, ஃபேனைக் குறைக்கவா?"

"ம்."

"இல்லை என்கிறார்."

"ஜன்னலைத் திறக்கவா?"

"ம்."

"ஆம் என்கிறார்."

அவள் ஜன்னலைத் திறந்தாள். அப்பா கண்ணை மூடித் தலையணையில் சாய்ந்தார். "இத்தனை மாசமா ஃபேனை நிறுத்தி நிறுத்தி அவரை வேகவச்சிருக்கேன்," என்றாள் அவள். "ராத்திரி பால் கொடுக்கிறேனே, அதுவும் பிடிக்காதாம். பாவம், ஊத்தினதையெல்லாம் குடிச்சிருக்கார்." அவள் சிரித்தாள். கண் ஈரமாக இருந்தது. அவன் திரையைப் பார்த்தான். ஒவ்வொரு 'ம்'முக்கும் கோடு ஒரே மாதிரிதான் நடுங்கியிருந்தது. எவ்வளவு உற்றுப் பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை. கட்டம் மட்டும் விளிம்புவரை நிறைந்திருந்தது. அன்று அப்பாவிடம் மனைவி இன்னும் என்னென்னவோ கேட்டாள். அவர் முன்பைவிட அதிகமாக, விடாமல், பதில் சொன்னார். இல்லத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

அக்கா கேட்டாள். ஃபோனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, அவளுக்கே உரிய உரத்த குரலில். "அப்பா! நான்தான். அடுத்த வாரம் அந்த மேனேஜரம்மா வந்து பாப்பாங்க. அங்க ரூம் நல்ல காத்தோட்டமா இருக்காம். தோட்டம்கூட இருக்கு. போறீங்கதானே?"

"ம்."

பட்டையில் 'இல்லை' என்று வந்தது. ஒலிபெருக்கி வாய் திறப்பதற்குள் அவன் எட்டி அதன் ஒலியைக் குறைத்துவிட்டான். தன் குரல் மிகச் சன்னமாக, மேசைக்குள்ளிருந்து வருவதுபோல, ஏதோ சொல்லி முடித்ததைக் கேட்டான்.

"என்னடா சொன்னே?" என்றாள் அக்கா.

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"அப்பா சரின்னாரு, கேட்டுச்சு. அவரு எப்பவும் தங்கம். நான் வச்சிடவா?"

அவள் வைத்த பிறகு அவன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான். மனைவி மாடியில் துணி எடுக்கப் போயிருந்தாள். அப்பா அவனையே பார்த்தார். "அங்க போறதுக்குச் சரிதானேப்பா?" என்று மெதுவாகக் கேட்டான். "ம்." இல்லை. "அவளால முடியலப்பா. உங்களுக்கே தெரியும்." "ம்." ஆம். "அப்போ போலாம்தானே?" "ம்." இல்லை. கட்டம் நிறைந்து, பச்சையாக, அணையாமல் நின்றது. நேற்றுவரை தும்மலுக்குப் பதில் சொன்ன இயந்திரம், என்று அவன் நினைத்தான். வெளியிடவே தகுதியாகாத சரக்கு.

பட்டையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் 'தவறா? திருத்துங்கள்' என்று இருந்தது. சோதனைக்கு ஒப்புக்கொண்டவர்களின் வேலையே அதுதான். அவன் அதை அழுத்தினான். சரியான பதில் எது என்று கேட்டது. 'ஆம்' என்பதைத் தொட்டான். நன்றி சொல்லிவிட்டு, இதே போன்ற மற்ற ஒலிகளையும் சரிபார்க்க முடியுமா என்று கேட்டது. அப்பாவின் 'ம்'கள் ஒவ்வொன்றாக வந்தன. எந்தக் கேள்விக்குச் சொன்னது என்று காட்டவில்லை. வெறும் சத்தம் மட்டும். கடையில் அவன் தினமும் செய்வது இதுதான். இருட்டறையில் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்பது. கொஞ்ச நேரத்தில் எதிரே இருப்பவர் சோர்ந்துபோய், அவன் எதைச் சொன்னாலும் சரி என்பார். அவர்கள் சோர்ந்துவிட்டது குரலிலேயே தெரியும். அப்போது நிறுத்திவிட வேண்டும் என்றுதான் அவன் படித்தது. பெரும்பாலும் வெளியே அடுத்தவர் காத்திருப்பார், நிறுத்த மாட்டான். ஆம், ஆம், ஆம் என்று தொட்டுக்கொண்டே போனான். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கடைசி ஒன்றையும் தொட்டு, ஒலியைப் பழையபடி கூட்டிவிட்டு எழுந்தான். அப்பா இன்னும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியும்.

மறுநாள் காலை ஒரு புதுப்பித்தல் வந்து இறங்கியது. உங்கள் உதவியால் மேம்பட்டது என்று எழுதியிருந்தது.

"மாப்பிள்ளைக்கு என்ன ஆச்சு?" என்று மனைவி சாப்பாட்டு மேசையில் கேட்டாள். "எதைக் கேட்டாலும் ஆமாங்கறான். ஃபேனைக் குறைக்கவான்னாலும் ஆமாம், கூட்டவான்னாலும் ஆமாம்."

"சோதனைப் பதிப்புன்னா அப்படித்தான். ஒண்ணு சரியானா ஒண்ணு கெடும்."

"நல்லா இருந்துச்சே. நீங்க எதையாவது நோண்டினீங்களா?"

"நான் என்ன நோண்டப் போறேன்?"

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போனாள். முன்னறையில் அவள் "மாமா, பால் வேணுமா?" என்று கேட்பதும், அப்பா பதில் சொல்வதும், தன் குரல் "ஆம் என்கிறார்" என்று சொல்வதும் அவனுக்குக் கேட்டன. பிறகு எதுவுமே கேட்கவில்லை. அவள் பாலை எடுத்துப் போகவில்லை.

அடுத்து வந்த நாட்களில் அப்பாவின் 'ம்' குறைந்தது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றாகி, பிறகு அதுவும் நின்றது. யாராவது கேட்டால் உதட்டை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் பார்த்தார். அவன் சளி பிடித்திருக்கிறதோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். சூடில்லை. "கோவமா இருக்கார்," என்றாள் மனைவி. "யார் மேலன்னுதான் தெரியல." அவள் அதை அவனைப் பார்க்காமல் சொன்னாள். பட்டையில் கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் அவன் காலணி மாட்டிக்கொண்டிருக்கையில் அந்த நேர்கோட்டுக்கு மேலே ஒரு வாசகம் வந்தது. 'இவருடைய பதில்களின் வழக்கத்தைக் கற்றுக்கொண்டேன். இனி ஒலிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.' கீழே 'சரி' என்ற ஒரு பொத்தான்தான் இருந்தது. வேறு எதுவும் இல்லை. அவன் தேடிப் பார்த்தான். பழைய பதிப்புக்குத் திரும்பலாம், ஆனால் கணினியில் இருப்பதையெல்லாம் அழித்த பிறகுதான். கடைக்கு நேரமாகிவிட்டது. சரி என்பதை அழுத்திவிட்டுப் போனான்.

அன்று முழுதும் கண் பரிசோதிக்கும் அறையில் அவனுக்குக் கவனம் நிற்கவில்லை. ஒரு பெரியவர், "எது தெளிவுன்னு நீங்களே சொல்லிடுங்க தம்பி, உங்களுக்குத் தெரியாததா?" என்றார். அவன் விளக்கைப் போட்டுவிட்டு, இன்னொரு நாள் வரச் சொன்னான்.

மேலாளர் வந்தது சனிக்கிழமை, வெயில் முன்னறையின் பாதிவரை வந்திருந்த நேரம். நடுவயதுப் பெண்மணி. செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்தார். அவர் வருவதற்குச் சற்று முன் மனைவி கணினியைக் காட்டி, "அதை அணைச்சிடவா?" என்று கேட்டாள்.

"இருக்கட்டும்," என்றான் அவன்.

"எதுக்கு?"

"அப்பா பேச மாட்டேங்கறாரே. அந்தம்மாவுக்குப் புரிய வேண்டாமா?"

அவள் கட்டிலின் தலைமாட்டில் போய் நின்றுகொண்டாள்.

மேலாளர் மோடாவை இழுத்து அப்பாவின் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். மகன், மருமகள் இருவரையும் ஒருமுறை பார்த்துப் புன்னகைத்தார். "நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் பேசாம இருங்க. ஐயா சொல்லட்டும்." பிறகு அப்பாவின் இடது கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். "ஐயா, பேச்சு வராதுன்னு சொன்னாங்க. பரவாயில்ல. ஒரு சத்தம் போட்டாப் போதும். நம்ம இடத்துக்கு வந்து இருக்க உங்களுக்கு இஷ்டமா? பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லலாம். அவசரமே இல்ல."

அப்பா அவரைப் பார்த்தார். பிறகு மருமகளை. அவனை அவர் பார்க்கவில்லை. உதடுகள் ஒன்றின் மேல் ஒன்று அழுந்தி வெளுத்தன. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. சத்தம் வரவில்லை. மேலாளர் காத்திருந்தார். எத்தனையோ பேரிடம் இதைக் கேட்டுப் பழகியவர். அவருக்குக் காத்திருக்கத் தெரிந்திருந்தது. மின்விசிறி சுற்றியது. தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. அவன் மேசைப்பக்கம் திரும்பக் கூடாது என்று நினைத்துக்கொண்டு நின்றான்.

"ஆம் என்கிறார்," என்றது அவனுடைய குரல். "அழைத்துப் போகலாம்."

அப்பாவின் கை மேலாளரின் கைக்குள் இறுகியது. மேலாளர் அந்தக் கையைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அவனுடைய வாயைப் பார்த்தார். அது மூடியிருந்தது. அவனுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"இப்போ பேசினது யாருங்க?"